வளவுக்குள் ஒரு அடைப்பு: மீன் செதில் சொன்ன சேதி

திருநெல்வேலி டவுனிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மாமனார் 1978-இல் கட்டிய வளவு. வரிசையாக மூன்று வீடுகள். 1996-இல் பாகம் பிரித்தபோது உள்கோடி வீடு இவர் கணவருக்கும், நடுவீடு கொழுந்தனுக்கும், தெருவோர வீடு நாத்தனாருக்கும் வந்திருக்கின்றன. நாத்தனார் வீட்டில் இப்போது வாடகைக்கு ஆட்கள். மூன்று வீட்டுக் கழிவும் புறவாசல் வழியாக ஒரே குழாயில் ஓடி, நாத்தனார் பாகத்தில் இருக்கும் செப்டிக் டேங்கில் விழுகிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்தபோது டேங்கை அப்படியே விட்டுவிட்டு, அதன் வெளிவாயிலிருந்து தெரு மேன்ஹோலுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். 2019-இல் இவர் மச்சில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். கொழுந்தன் தன் வீட்டை இடித்துக் கட்டியபோது தரையை ஒன்றரை அடி உயர்த்தி, புறவாசல் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டார்.

புரட்டாசியில் தொல்லை ஆரம்பித்தது. வாஷிங் மெஷின் தண்ணீர் விட்டால் குளியலறைத் துவாரத்தில் குபுகுபுவென்று சத்தம். காலையில் நாற்றம். ஐப்பசி மழையில் யாரும் குளிக்காமலே குளியலறைக்குள் கழிவுநீர் ஏறியது. மூன்று தடவை ஆசிட் ஊற்றியும் பலனில்லை. ஒரு பிளம்பர் எல்லாவற்றையும் உடைத்து மாற்ற 1,80,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 3,000 ரூபாய்க்கு டேங்கில் ஆள் இறக்கிச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார். கொழுந்தனோ, "மைனி, உங்க வீட்டுத் தண்ணிதான் எங்க சுவத்துல இறங்குது, எங்க வீட்ல ஒரு அடைப்பும் இல்ல" என்கிறார். "அடைப்பு அவர் பாகத்தில்தான் இருக்க வேண்டும், அவர்தானே சரிசெய்து தர வேண்டும்? வழக்குப் போடலாமா?" என்பது கேள்வி. கடைசியில், 80 வயது மாமியாருக்கு இந்த மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு என்று ஒரு வரி.

அன்புள்ள சகோதரி,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஆச்சியை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வயதில் வயிற்றுப்போக்கைக் கைவைத்தியத்தோடு விடக்கூடாது. உங்கள் போர்வெல் இந்தக் குழாயிலிருந்து 35 அடியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் குடிநீர்க் கிணறுக்கும் இடையே 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி இருக்க வேண்டும் என்பது கட்டட விதி. ஒழுகாத குழாய் என்றால் 35 அடி பெரிய விஷயமில்லை. உங்கள் குழாய் ஒழுகுகிறது என்பதைக் கொழுந்தன் வீட்டுச் சுவரே சொல்கிறது. அதனால் குடிக்கவும் பாத்திரம் கழுவவும் போர்வெல் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். கோலிபார்ம் கிருமி இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பும் கடினத்தன்மையும் மட்டும் பார்த்த ரிப்போர்ட் இதற்கு உதவாது. முடிவு வரும்வரை எந்தத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள், மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரையும் சேர்த்துத்தான். தண்ணீர் வராத நேரத்தில் அந்தக் குழாய் வெறுமையாகக் கிடக்கும். பக்கத்தில் சாக்கடை தேங்கி நின்றால் சின்ன ஓட்டை வழியாகவும் உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். (மாட்டியிருக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை.)

சரி, அடைப்புக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "புரட்டாசியில் நாங்களும் கொழுந்தன் வீட்டாரும் கவுச்சி தொடுவதில்லை. மச்சில் குடியிருப்பவர்களோ சுத்த சைவம். ஆனாலும் குளியலறையில் மீன் செதில் கிடந்தது, அருவருப்பாக இருந்தது." முப்பது வருஷமாக இந்தப் பக்கம் வீடு கட்டிக் கொடுப்பவன் நான். பிளம்பர் கொடுத்த எஸ்டிமேட்டை விட எனக்கு இந்த வரிதான் உதவியது. அந்தச் செதில் எங்கிருந்து வந்திருக்கும்? வளவில் மீதி இருப்பது தெருவோர வீட்டு வாடகைக்காரர்கள்தான். அவர்கள் வீட்டுக் கழிவுநீர் தெருப் பக்கம் போக வழியில்லாமல், குழாயில் பின்னோக்கி ஏறி, நடுவீட்டைத் தாண்டி உங்கள் குளியலறையில் வந்து விழுந்திருக்கிறது. அப்படியானால் அடைப்பு அவர்கள் குழாய் வந்து சேரும் இடத்துக்கும் அப்பால் இருக்கிறது. அதாவது டேங்கில், டேங்கிலிருந்து தெருவுக்குப் போகும் குழாயில், அல்லது தெரு மேன்ஹோலில். உங்கள் கொழுந்தனுடைய டைல்ஸுக்குக் கீழே இருக்க வாய்ப்பு குறைவு.

"அவர் வீட்டில் ஏறவில்லை, என் வீட்டில்தான் ஏறுகிறது" என்பதை வைத்து நீங்கள் அவரைச் சந்தேகிக்கிறீர்கள்; அவர் அதையே வைத்து உங்களைச் சொல்கிறார். இரண்டு பேருமே தண்ணீரின் குணத்தை மறந்துவிட்டீர்கள். ஒரு குழாயில் நான்கைந்து வாய் இருந்தால், அடைத்துக்கொண்ட கழிவு எல்லாவற்றிலும் தாழ்ந்த வாய் வழியாகத்தான் முதலில் வெளியே வரும். அவர் தரையை ஒன்றரை அடி உயர்த்திவிட்டார். மச்சு பத்தடி மேலே. வளவிலேயே தாழ்ந்த துவாரம் உங்கள் குளியலறை. யார் வீட்டில் தண்ணீர் விட்டாலும் வாங்கிக்கொள்வது உங்கள் வீடுதான்.

நிச்சயப்படுத்திக்கொள்ள மழையில்லாத ஒரு நாள் காலையில், மூன்று வீட்டுக்காரர்களும் கூட இருக்கும்போது, சேம்பர் (குழாய் வழியில் திறந்து பார்ப்பதற்காகக் கட்டிய சிறு தொட்டி) மூடிகளை உங்கள் வீட்டிலிருந்து தெருப் பக்கமாக வரிசையாகத் திறந்து பாருங்கள். நிரம்பி நிற்கும் கடைசிச் சேம்பருக்கும் காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. உங்கள் சேம்பரே காலி என்றால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். தெரு மேன்ஹோலும் நிரம்பி நின்றால் அது மாநகராட்சி வேலை. வளவுக்குள் யாரும் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரு மூடியை நீங்களாகத் தூக்காதீர்கள், வார்டு ஊழியரைக் கூப்பிடுங்கள். இன்னும் சந்தேகம் என்றால் நாத்தனார் வீட்டுக் கக்கூஸில் அரை பாட்டில் சொட்டு நீலம் ஊற்றி, மூன்று நான்கு வாளித் தண்ணீர் விட்டு, உங்கள் குளியலறையில் நீலம் ஏறுகிறதா என்று பாருங்கள். என் சொந்த வீட்டில் இந்த அரைமணி நேர வேலையைச் செய்யச் சோம்பல்பட்டு, தவறான இடத்தில் இரண்டு நாள் தோண்டியிருக்கிறேன். வீட்டுக்காரி அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

என் கணிப்பு டேங்கின் மேல்தான். செப்டிக் டேங்கில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வண்டல் எடுக்க வேண்டும். பாதாளச் சாக்கடையோடு சேர்த்தபின் "இனி டேங்க் நிரம்பாது" என்று யாரும் திறந்தே பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் தெருவுக்குப் போய்விடும், வண்டல் எங்கே போகும்? வருஷக்கணக்கில் ஏறி, வெளிவாயை மூடியிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சேறும் உள்ளே படிந்திருக்கலாம். பக்கத்தில் வேம்பு நிற்கிறது என்பதையும் குறித்துக்கொண்டேன். பழைய பீங்கான் குழாய்களின் சிமென்ட் இணைப்பில் மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் வேர் நுழைந்து, உள்ளே சடைபோல் பின்னிக்கொள்ளும்.

மழை விஷயம்

இங்கே உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மச்சு கட்டியபோது மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் கழிவுச் சேம்பரில் இறக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "வாருகால் (தெருவோர வடிகால்) தூரமாக இருந்தது" என்பது காரணம். 800 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 3,700 லிட்டர் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால் ஐந்து பேர் குடும்பம் ஐந்து நாளில் விடும் கழிவுநீருக்கும் மேல். ஒரு சாயங்கால மழை அவ்வளவையும் அந்தக் குழாயில் தள்ளுகிறது. பாதாளச் சாக்கடையில் மழைநீரை விடக்கூடாது என்பது விதியும்கூட. ஊர் முழுக்க இப்படிச் செய்வதால்தான் மழை நாளில் மேன்ஹோல் மூடிகள் எழும்புகின்றன. அடுத்த மழைக்குள் அந்தக் குழாயில் ஒரு ஹோஸைச் சொருகித் தண்ணீரைப் புறவாசலுக்குத் திருப்புங்கள். அப்படியும், வளவில் யாரும் தண்ணீர் விடாத நேரத்தில் குளியலறையில் ஏறினால், அது பெரும்பாலும் தெருவிலிருந்து திரும்பி வரும் தண்ணீர். அப்போது தெருவுக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று வைக்க வேண்டியிருக்கும். ஏறவில்லை என்றால், மழைநீரை மழைநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

காலை நாற்றம்

இதற்கும் அடைப்புக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். மகன் வெளியூரில் இருப்பதால் அவர் அறையின் குளியலறை பூட்டியே கிடக்கிறது என்றீர்கள். ஒவ்வொரு துவாரத்தின் கீழும் வளைவில் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் வாடையை மேலே விடாமல் தடுப்பது. புழங்காத அறையில் அது வற்றிவிடும். நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். வாரம் ஒரு வாளி ஊற்றுங்கள். நீண்ட நாள் பூட்டிப் போவதென்றால் மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. அப்புறம், கழிவுக் குழாயின் வாடையை மேலே வெளியேற்றும் காற்றுக்குழாய். மச்சு கட்டும்போது அதை மாடிக்கு மேல் நீட்டினார்களா, வெட்டி மூடிவிட்டார்களா என்று பாருங்கள். அது அடைபட்டாலும் அந்தக் குபுகுபுச் சத்தம் வரும்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

ஆசிட் உங்கள் அடைப்பைத் தொட்டிருக்கவே முடியாது. அத்தனை தூரம் போவதற்குள் தண்ணீரில் கரைந்து நீர்த்துவிடும். வழியில் இருக்கும் சிமென்ட் இணைப்புகளை மட்டும் தின்றிருக்கும். மறுநாள் பிளீச்சிங் பவுடர் போட்டதும் ஆச்சிக்கு இருமல் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் இனி அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

3,000 ரூபாய்க்கு ஆள் இறக்குவது

வேண்டாம். எவ்வளவு அவசரமானாலும், இறங்குகிறவரே "எனக்குப் பழக்கம்தான் அம்மா" என்று சொன்னாலும் வேண்டாம். டேங்கில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும்; அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "நாத்தம் குறைஞ்சிருச்சு" என்று இறங்கியவர் இரண்டு மூச்சில் சாய்வார், தூக்கப் போனவரும் சாய்வார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வதைத் தடைசெய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சி, காண்டிராக்டர் மட்டுமல்ல, வேலை கொடுக்கும் தனிநபருக்கும் இது பொருந்தும். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டும் சொல்கிறேன்: 3,000 ரூபாய்க்கு ஒரு வீட்டுப் பிள்ளையை உள்ளே இறக்காதீர்கள்.

உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை வரச் சொல்லுங்கள். 14420 என்ற கட்டணமில்லா எண் இதற்காகவே இருக்கிறது. லாரிக்காரர் ஹோஸ் விட்டு வெளியிலிருந்தே உறிஞ்சுவார். மூடியைத் திறந்ததும் அரைமணி நேரம் யாரும் குனிந்து பார்க்க வேண்டாம், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது, மீத்தேன் பற்றிக்கொள்ளும். டேங்க் காலியானபின் உள்வாயையும் வெளிவாயையும் சரிவு பார்த்து ஒரு குழாயால் இணைத்துவிடுங்கள். இந்த இணைப்பை வெளியே பள்ளம் எடுத்து டேங்கைச் சுற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள், டேங்குக்குள் இறங்கி அல்ல. அப்புறம் டேங்கின் அடித்தளத்தில் கடப்பாரையால் மேலிருந்தே துளை போட்டு, ஜல்லியும் மணலும் கொட்டி நிரப்பி மூடுங்கள்.

1,80,000 ரூபாயைப் பற்றி இதற்குப் பிறகு யோசித்தால் போதும். டேங்க் வேலை முடிந்து, ஜெட்டிங் வண்டி (அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ச்சிக் குழாயைச் சுத்தம் செய்வது) வைத்து அடித்தும் குழாயில் தண்ணீர் தேங்கினால், தேங்கும் துண்டை மட்டும் மாற்றுங்கள். மூன்று வீட்டுக்கும் பொதுவான குழாய் 160 மில்லிமீட்டர் பிவிசி, வாட்டம் (சரிவு) ஐந்தடிக்கு ஒரு அங்குலம். வீட்டிலிருந்து சேம்பருக்கு வரும் 110 மில்லிமீட்டர் குழாய்க்கு மூன்றரை அடிக்கு ஒரு அங்குலம். கொத்தனார் கண்மட்டத்தில் வாட்டம் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், டியூப் லெவல் வைக்கச் சொல்லுங்கள். (கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் வாசகர்களுக்கு: குழாய்க்கு அடியிலும் பக்கத்திலும் மணல் படுகை கட்டாயம். கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் அது, இணைப்பைப் பிடுங்கிவிடும்.)

கொழுந்தனும் சட்டமும்

இந்தப் பகுதியை வக்கீல் நண்பர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்திருக்கிறேன். முதலில் 1996 பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் "ஜலதாரைப் பாத்தியம்" (கழிவுநீர் போகும் வழிக்கான உரிமை) அல்லது "பொது ஜலதாரை" என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். பொது என்று இருந்தால் மூன்று பேருக்கும் சொந்தம், செலவும் மூன்று பங்கு. எதுவும் இல்லாவிட்டாலும் பயமில்லை. கூட்டுச் சொத்தைப் பிரித்தபோது ஓடிக்கொண்டிருந்த சாக்கடைக்கு, 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு உங்களுக்குப் பாத்தியம் தருகிறது. அதைப் பழுதுபார்க்க அவர் இடத்தில் இறங்கித் தோண்டவும் 24-ஆம் பிரிவு அனுமதிக்கிறது, பழையபடி மூடித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. குழாய் போகும் இடத்தில் அதற்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. சேம்பர் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டியது அவர் செய்த தவறு.

ஆனால் "அவர் இடத்தில் இருக்கிறது, அவர்தான் சரிசெய்ய வேண்டும்" என்பது சட்டம் சொல்வதற்கு நேர்மாறு. பாத்தியம் யாருக்கோ, பராமரிப்புச் செலவும் அவருக்கு. இது 25-ஆம் பிரிவு. பராமரிக்காமல் விட்டு அடுத்தவர் சொத்து கெட்டால் நஷ்டஈடும் தர வேண்டும், இது 26. அவர் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவது பொய்யில்லை. இந்தக் குழாய் பாதி நிரம்பி ஓடும்வரை பழைய இணைப்புகள் தாங்கும். அடைத்து முழுக்க நிரம்பி நின்றால் ஒவ்வொரு இணைப்பும் கசியும். உங்கள் ஆசிட்டும் அதற்கு உதவியிருக்கும். தவிர, 2019-இல் மச்சுப் போர்ஷனையும் மழைநீரையும் சேர்த்தது பழைய பாத்தியத்தின் மேல் ஏற்றிய கூடுதல் சுமை. நீங்கள் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். கொழுந்தன் வீட்டு இணைப்பு வரைக்கும் அந்தக் குழாய் உங்களுக்கு மட்டும் பயன்படுவது, அதற்கப்புறம் இருவருக்கும், நாத்தனார் இணைப்புக்குப்பின் மூவருக்கும் பொது. டேங்க் வேலை மூன்று பங்கு என்று கேட்பது நியாயம். வாடகைக்கு விட்டிருப்பதால் நாத்தனாரும் அதில் உண்டு.

முன்சீப் கோர்ட்டில் வழக்கு முடிய எத்தனை ஆடி போகுமோ. அதுவரை உங்கள் குளியலறை காத்திருக்காது. பேச்சு எடுபடவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அங்கே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி எழுதி வாங்கித் தருவார்கள். ஆனால் அந்தத் தேவை வராது என்று நினைக்கிறேன். மீன் செதில் கதையைக் கொழுந்தனிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். இரண்டு மாதமாக அவர்மேல் வைத்திருந்த பழியை நீங்களே எடுத்துவிட்டால், சுவரைக் காட்டி அவர் பேசுவதும் குறையும். முடிவானதை, யார் எவ்வளவு, இனி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஜெட்டிங் என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது ஒரு சின்ன இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துப் போங்கள். டைல்ஸ் முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. உங்கள் சேம்பரிலிருந்து நாத்தனார் சேம்பருக்கு ஒரு நூல் பிடித்து, அந்தக் கோட்டில் தட்டிக்கொண்டே போனால் மூடி இருக்கும் இடத்தில் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். அங்கே மட்டும் இரண்டுக்கு இரண்டடி எடுத்து, டைல்ஸ் பதிக்கும் குழிமூடி போட்டுவிட்டால் அவர் புறவாசல் அழகும் கெடாது.